மாப்பிள்ளை வந்த வீடு

ஹப்ஸா நூதனசாலையின் கேற்றைத் தட்டிக்கொண்டு நின்றாள். பின்வளவில், அவளுடைய வீட்டில், உம்மா சபியா மௌத்தாகிக் கிடந்தார். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளியில் அறிவித்தாயிற்று. மையித்தைக் குளிப்பாட்டுவதற்குள் இந்தக் கதவு திறந்தாக வேண்டும்.

உம்மா போன நோன்பிலேயே சொல்லிவைத்திருந்தார். “நான் பொறந்த வீட்டுலரிந்துதான் என்னத் தூக்கணும் மகள்.”

அந்த வீடு இப்போது ஊரின் சொத்து, பழைய பொருட்களைக் காட்சிக்கு வைத்த இந்த நூதனசாலை. கடல் பொங்கி வந்த நாளிலும் அசையாமல் நின்ற சுண்ணாம்புச் சுவர் வீடு. ஹப்ஸாவின் வாப்பா நாட்டு மருந்து செய்யும் பேர்போன பரிசாரியார். அவர் மௌத்தான பிறகும் மருந்து உரலையும் ஏடுகளையும் பார்க்க ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள். ஒரே மகளுக்குச் சீதனமாகப் போகவேண்டிய வீட்டை உம்மாவும் மகளும் மனமொப்பி ஊருக்கே கொடுத்தார்கள். அதைப் பொறுப்பேற்ற ஊர்ச் சங்கத்தார் வாசலில் பலகை மாட்டினார்கள்: ‘அச்சிமுகம்மது பரிசாரியார் இல்லம்’. தன் தாய்வழி வீட்டில் கணவரின் பேரைப் பார்த்து உம்மா சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது? இந்தக் கரையில் ஆம்பிளைக்கு ஏது வீடு? மேசனோடு மல்லுக்கட்டி ஒன்றைக் கட்டுவான், தங்கச்சிக்குக் கொடுப்பான், பிறகு உடுப்புப் பெட்டியோடு இன்னொருத்தியின் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போவான். ஊருக்கே தெரிந்த சங்கதி, பலகை எழுதும்போது மட்டும் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

சங்கத்தின் செயலாளர் பர்ஸான் திறப்போடு வந்தார். வாப்பாவின் தங்கை மகன், ஹப்ஸாவுக்கு மச்சான். நல்ல மனிதர்தான், ஆனால் பயந்தவர். தரை நனையும், கண்ணாடிப் பெட்டிகள் இருக்கின்றன, இத்தனை பேர் உள்ளே வந்தால் யார் பொறுப்பு என்றெல்லாம் இழுத்தார். கடைசியில் மனதில் கிடந்தது வெளியே வந்தது.

“மச்சி, இது மாமாட வீடு. எங்கட குடும்பத்துப் பெரியாக்கள்ட்டயும் ஒரு சொல்லுக் கேக்கணும்.”

ஹப்ஸாவுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள்.

“வாப்பா இதுக்குள்ள மாப்பிள்ளையா வந்தவர் மச்சான். ஒங்கள நாளைக்கு எந்த வீட்டுலரிந்து தூக்குவாங்க?”

பர்ஸான் திறப்பைப் பூட்டுக்குள் நுழைத்தார். கலியாணம் முடித்த நாள் முதல் அவர் குடியிருப்பது மனைவி ஸப்னாவின் வீட்டில். பூட்டைத் திறந்தார்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ஹப்ஸாவின் கணவர் றாஸிக்கும் பர்ஸானுமாகக் கண்ணாடிப் பெட்டிகளைச் சுவரோரம் தள்ளினார்கள். நடு அறையில் வெள்ளைத் துணி கட்டி மறைத்து, பின்வளவிலிருந்து உம்மாவைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். இலந்தை இலை போட்ட தண்ணீரை ஹப்ஸா உம்மாவின் தோளில் வார்த்தாள். சின்ன வயதில் இதே அறையில் உம்மா தன் தலையைத் துவட்டியது நினைவில் வந்து அவளைக் கலங்கடித்தது. கலங்கினாலும் கை நிற்கவில்லை. ஆசைப்பட்ட இடத்தில்தான் உம்மா கிடக்கிறார் என்பதே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

தெருப் பெண்கள் வந்து யாஸீன் ஓதினார்கள். யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். யாரோ ஒருத்தி பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுத்தாள். காட்சிக்கு வைத்திருந்த வீடு ஒரு பகலில் குடியிருக்கும் வீடாகிவிட்டது. அஸர் தொழுகைக்கு முன் மையித்து வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். கலிமாச் சத்தம் ஒழுங்கையைத் தாண்டிப் போகும்வரை ஹப்ஸா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பினார்கள். எல்லோரும் உள்ளே வந்து ஸலாம் சொல்ல, பர்ஸான் மட்டும் படியில் நின்றார். இத்தனை வருஷமும் காலையில் திறந்து மாலையில் பூட்டியவர் அவர்தான்.

“உள்ளுக்கு வரட்டா மச்சி?”

ஹப்ஸா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். அறையில் உட்கார மிஞ்சியிருந்தது வாப்பாவின் சாய்மனைக் கதிரை ஒன்றுதான். அதன்மேல் கிடந்த ‘தொடாதீர்கள்’ அட்டையை எடுத்துக் கீழே வைத்தாள்.

“வாங்க மச்சான். இரிங்க.”