திருப்பிக் கொடுத்த பணத்துக்கு வட்டி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கீதாஞ்சலி அமராவதியைப் பொய்க்காரி என்று சொன்னாள். மெதுவாகச் சொல்லவில்லை. நல்லூர் கம்பெனியின் தையல் லைன் முழுக்கக் கேட்டது.

சண்டை ஒரு ஸ்கூட்டரைப் பற்றியது. வரும் திங்கட்கிழமை முதல் இவர்கள் லைனை அவிநாசிப் பக்கம் கட்டிய புது யூனிட்டுக்கு மாற்றுகிறார்கள். எட்டரைக்கு மெஷினில் உட்காராதவர்கள் இடத்தில் வேறு ஆள் உட்காருவார் என்று சூப்பர்வைசர் அந்தோணிராஜ் சொல்லிவிட்டார். கீதாஞ்சலி இருக்கும் மண்ணரையிலிருந்து இரண்டு பஸ் மாறி அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அதனால்தான் கீதாஞ்சலி ஸ்கூட்டர் பதிவு செய்தாள். கையில் இருந்ததைக் கட்டியது போக மிச்சம் தொண்ணூறாயிரம் கடன். மூன்று வருடத்தில் அடைக்க வேண்டும்.

முதலில் பேங்குக்குத்தான் போனாள். அங்கிருந்த அம்மா பன்னிரண்டு சதவீதம் என்றார். ஷோரூமில் கடன் போட்டுக் கொடுக்கும் தரணீதரன் ஒன்பது என்றான். ஒன்பதை விட்டுவிட்டுப் பன்னிரண்டுக்குப் போவதற்குத் தான் என்ன கேனச்சியா என்று கணவன் சுரேஷிடம் கேட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமையே ஷோரூமில் கையெழுத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமை வண்டி வரும். தவணை மாதம் மூவாயிரத்து நூற்று எழுபத்தைந்து.

புதன்கிழமை சாப்பிடும்போது அதைப் பெருமையாகச் சொன்னாள். அதே மண்ணரையில் இருக்கும் அமராவதி மூன்று மாதம் முன்பு தன் ஸ்கூட்டருக்கு அதே தொண்ணூறாயிரத்தை, அதே மூன்று வருடத்துக்கு, பேங்கில் பன்னிரண்டு சதவீதத்துக்கு வாங்கியவள். தன் தவணை இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதுதான் என்றாள். பன்னிரண்டு எப்படி ஒன்பதைவிடக் குறையும்? அதனால்தான் கீதாஞ்சலி பொய்க்காரி என்றாள்.

அமராவதி செல்போனில் பேங்க் கணக்கைத் திறந்து டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைத்துவிட்டுக் கைகழுவப் போய்விட்டாள்.

மூன்று தவணைக்கும் வட்டி தனியாகப் போட்டிருந்தது. முதல் மாதம் தொள்ளாயிரம். இரண்டாம் மாதம் எண்ணூற்று எழுபத்தொன்பது. மூன்றாம் மாதம் எண்ணூற்று ஐம்பத்தெட்டு. வட்டி இறங்கிக்கொண்டே வந்தது. கீதாஞ்சலி ஷோரூமில் கொடுத்த தவணைத் தாளை எடுத்துப் பார்த்தாள். வருடத்துக்கு எட்டாயிரத்து நூறு, மூன்று வருடத்துக்கு இருபத்துநாலாயிரத்து முந்நூறு. மாதத்துக்கு வகுத்தால் அறுநூற்று எழுபத்தைந்து. முதல் மாதமும் அதுதான், முப்பத்தாறாவது மாதமும் அதுதான்.

இறங்கவே இல்லை. ஏன் இறங்கவில்லை?

அவள் ஓவர்லாக் தைப்பவள். அவளுக்குத் துணி இருபது பீஸ் கொண்ட பண்டலாக வரும். தைத்துச் செக்கிங்கில் ஒப்படைத்ததும் பண்டல் டிக்கெட்டைக் கிழித்துத் தன் நோட்டில் ஒட்டிக்கொள்வாள். அதற்கப்புறம் அந்தப் பண்டலில் ஒரு பீஸ் தொலைந்தாலும் அவளை யாரும் பிடிக்க முடியாது. கையில் இருக்கிற பண்டலுக்குத்தான் அவள் பொறுப்பு. பேங்கும் அப்படித்தான் வைத்திருக்கிறது. மாதாமாதம் கட்டக் கட்ட, கையில் நிற்கும் கடனுக்கு மட்டும் வட்டி. ஆரம்பத்தில் தொள்ளாயிரம் வாங்குகிற பேங்க் கடைசி மாதம் முப்பது ரூபாய்தான் வாங்கும். ஷோரூம் கணக்கில், ஒப்படைத்த பண்டலும் அவள் கையிலேயே இருப்பதாக எழுதிவிடுகிறார்கள். கடைசி மாதம் நிற்பது இரண்டாயிரத்து ஐந்நூறு. அப்போதும் முழுத் தொண்ணூறாயிரத்துக்கும் வட்டி. மூன்று வருடத்தில் பேங்கைவிட ஆறாயிரத்து எழுநூறு கூடுதல்.

இது புரிந்ததும் தன் டிபன் பாக்ஸை மூடினாள். அவளுடைய கையெழுத்தை வைத்தே அவளை ஏமாற்றியிருக்கிறார்கள். செக்கிங்கில் யாராவது இப்படிக் கணக்குச் சொல்லியிருந்தால் நோட்டை அவர்கள் முகத்தில் எறிந்திருப்பாள்.

சாயங்காலம் ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு ஷோரூமுக்குப் போனாள். தரணீதரன் எழுந்து நாற்காலி போட்டான், மோர் கொண்டுவரச் சொன்னான். அவள் உட்காரவில்லை. கடனை ரத்து செய்யச் சொன்னாள். அவன் சிரித்தபடியே, கடன் பணம் இன்னும் கைமாறாததால் ரத்து செய்யலாம், ஆனால் ஃபைல் சார்ஜாகக் கட்டிய ஆயிரத்து எண்ணூறு திரும்பாது, வெள்ளிக்கிழமை வண்டியும் வராது என்றான். பேங்க்காரர்கள் பத்து நாள் அலைக்கழிப்பார்களாம்.

"ஏனுங்க, கட்டி முடிச்ச பணத்துக்கும் எதுக்குங்க வட்டி?" என்று கேட்டாள்.

"அக்கா, இது ஃப்ளாட் ரேட்டுங்க. எல்லாரும் இப்பிடித்தானுங்க வாங்கறாங்க. நீங்க கேட்டிருந்தா நானு சொல்லியிருப்பனுங்க."

"ஒம்பதுன்னு நாங் கேக்காமயேதான சொன்னீங்க?"

நேற்று தன்னிடம் கையெழுத்து வாங்கிய கத்தையை எடுக்கச் சொல்லி, அவள் அதை அவன் மேசைமேல் பிரித்தாள். இந்தக் கடனின் உண்மையான வருட வட்டி எந்தத் தாளில் இருக்கிறது, அந்த இடத்தில் விரல் வைத்துக் காட்டுங்கள் என்றாள். கத்தையில் அப்படி ஒரு தாள் இருக்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது செல்போனில் படித்திருந்தாள். தரணீதரன் பக்கத்தில் நின்ற வாடிக்கையாளரை ஒருதரம் பார்த்தான். பிறகு நான்காவது தாளில் விரலை வைத்தான். சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில், ஃபைல் சார்ஜையும் சேர்த்து 17.7 சதவீதம் என்று இருந்தது. அதன் கீழே அவளுடைய கையெழுத்து, வளைத்து வளைத்து, அழகாக.

அந்த அழகைப் பார்த்துத்தான் அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"கடனுக்கு ஈடா வாங்கின என்ர செக்கு மூணையும் குடுங்க. கையெழுத்துப் போட்டதெல்லாம் என்ர கண்ணு முன்னால கிழிங்க. ஒட்டாத போட்டோ ரெண்டு இருக்குமுங்க, அதையுங் குடுங்க."

"போட்டோ எதுக்குங்கக்கா?"

"என்ர மூஞ்சிதானுங்க. இங்க எதுக்குங்க கெடக்கோணும்?"

பக்கத்து வாடிக்கையாளர் தன் தாளைத் திருப்பி நான்காவது பக்கத்தைத் தேட ஆரம்பித்தார்.

மறுநாள் மதியம் பேங்கில் மனு கொடுத்தாள். பத்து நாள் ஆகும் என்றார்கள். திங்கட்கிழமைக்கு நான்கு நாள்தான் இருந்தது. சுரேஷ் இதே கம்பெனியில் அயர்னிங். அந்தப் பிரிவு மாறவில்லை, அவனிடம் சைக்கிள்தான். காலை எட்டரைக்குள் அவிநாசிக்குப் போய்ச் சேருகிற வண்டி அவளுக்குத் தெரிந்து அமராவதியின் ஸ்கூட்டர் ஒன்றுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அமராவதியிடம் போய் நின்றாள். பெட்ரோலில் பாதி தருகிறேன், பத்து நாளைக்குப் பின்னால் ஏற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.

அமராவதி மீன்முள்ளை எடுத்துக்கொண்டே, "பொய்க்காரி வண்டியில ஏறுவியா, கண்ணு?" என்றாள்.

"நாஞ் சொன்னது தப்புங்கக்கா."

"அன்னிக்கு லைனுக்கே கேட்டுது. இது எனக்கே கேக்கல."

கீதாஞ்சலிக்குக் காது சூடேறியது. திரும்பி லைனைப் பார்த்து நின்றாள். அமராவதியக்கா சொன்னதுதான் நிஜம், தன் ஒன்பதுதான் பொய் என்று, சண்டைக்கு நிற்கிற குரலிலேயே கத்திச் சொன்னாள். ஒன்பது என்று யார் சொன்னாலும் நிற்கிற கடனுக்கா, முழுக் கடனுக்கா என்று கேளுங்கள் என்றும் கத்தினாள். நாலைந்து பேர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். ஒருத்தி பீரோவுக்கு, ஒருத்தி ஃபிரிட்ஜுக்கு, ஒருத்தி மகளின் தோட்டுக்கு வாங்கிய கடன். மணி அடிக்கும் வரை பண்டல் டிக்கெட்டுகளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்கள். எழுந்து போகும்போது யாரும் சிரித்துக்கொண்டு போகவில்லை.

திங்கட்கிழமை காலை அவிநாசி ரோட்டில் வண்டி போய்க்கொண்டிருந்தபோதும் கீதாஞ்சலிக்கு ஆத்திரம் ஆறவில்லை.

"ரெண்டாயிரத்து ஐந்நூறு நிக்கறப்ப அறுநூத்தி எழுவத்தஞ்சு வட்டிங்கக்கா. நெனைச்சுப் பாருங்க."

"அதை அவங்கிட்டச் சொல்லு. என்ர காதுல எதுக்குக் கத்தற?"

"அவங்கிட்டயுஞ் சொல்லிட்டனுங்க."

எட்டு இருபத்திரண்டுக்குக் கேட்டைத் தாண்டினார்கள். அந்தோணிராஜ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார். கீதாஞ்சலி தன் மெஷினில் உட்கார்ந்து, முதல் பண்டலின் கட்டைப் பிடுங்கி அவிழ்த்தாள்.