நடுவில் நிற்பவள்

ராமசுப்பு பேய்க்குப் பயப்படுகிற ஆளே இல்லை. குருவிகுளம் பக்கத்துக் காடுகளில் பிச்சிப்பூ மூட்டைகளைத் தன் குட்டியானை வண்டியில் ஏற்றி, விடியுமுன்னே சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் இறக்கி இறக்கியே தலை நரைத்தவர். அப்பேர்ப்பட்ட மனுஷன் சொந்த வீட்டு வாசலைத் தாண்டப் பயந்து நின்றால் பெற்ற மகளுக்கு எப்படி இருக்கும்? நிர்மலாதேவி ஓடிவந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"இங்கன ஒருத்தி நிக்கா மக்கா. பச்சச் சேல. மூஞ்சி மட்டும் தெரிய மாட்டேங்கு."

அவர் காட்டிய இடத்தில் வேப்பமர நிழலைத் தவிர ஒன்றுமில்லை.

மதுரையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் விழித்திரை செல்களோடு மாரடிப்பதுதான் நிர்மலாவின் பிழைப்பு. நடுப்பார்வையைத் தருகிற மாக்குலா அப்பாவுக்குத் தேய்ந்துபோயிற்று என்று முதலில் கண்டுபிடித்தவளும் அவள்தான், வண்டிச் சாவியைப் பிடுங்கித் தம்பி இசக்கிராஜாவிடம் கொடுத்தவளும் அவள்தான். அதற்காக மகளோடு பேசாமல் முறுக்கிக்கொண்டு திரிந்தார். திரியட்டுமே! ரோட்டில் யாரையாவது அடித்துப் போட்டால் எவன் வந்து பதில் சொல்வது?

"யப்பா, அது பேயுமில்ல, பிசாசுமில்ல. கண்ணுக்குள்ள இருக்க செல்லு இருட்டுலதான் நெறைய பேசும். குளுட்டமேட்டுன்னு ஒண்ணக் கக்கி, அடுத்த செல்லுக்குச் சேதி சொல்லிட்டே இருக்கும். வெளிச்சம் பட்டா கக்குறதக் கொறைச்சிக்கிடும். அந்தக் கூடுறதும் கொறையிறதும்தான் பார்வை. ஒங்களுக்கு நடுவுல உள்ள செல்லு செத்துப்போச்சு. சேதி வரலன்னா மூளைக்குச் சும்மா இருக்க முடியல. தானா ஒரு ஆள வரைஞ்சி நிப்பாட்டுது."

"இருட்டுலயா பேசும்?" ராமசுப்பு குரலைத் தணித்தார். "அப்பம் செத்த செல்லு என்னட்டி செய்யும்?"

"செத்தது என்னத்தப் பேசும்? அவ குறுக்க நின்னா ஒதுங்காதிய, நிக்காதிய. நேரா போங்க. கலைஞ்சி போயிருவா."

பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். தெருவரை போய்த் திரும்பிப் பார்த்தார். "போயிட்டாட்டி!" என்று கைதட்டிச் சிரித்தார். கண்ணெல்லாம் தண்ணீர். படித்த படிப்புக்கு இன்றைக்குத்தான் பலன் கிடைத்தது என்று நிர்மலாவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. ஆனால் சாயங்காலம் வாசல் தெளிக்கப் போனவள், அந்த வேப்பமர நிழலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனாள். சீ, இதென்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்து பார்த்தால் வண்டியைக் காணோம். இசக்கிராஜா காய்ச்சலில் இழுத்துப் போர்த்திக்கொண்டு முனகுகிறான்.

"ஏலே, சாவி எங்க?"

"அப்பா வாங்கிட்டுப் போயிட்டாவ. பூ வாடிருமாம். அக்காவே பயமில்லன்னு சொல்லிட்டா, குடுலேன்னாவ."

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நேரா போங்க என்று சொன்ன வாயிலேயே அடித்துக்கொண்டாள். வாசலைத் தாண்டத்தானே சொன்னாள், ரோட்டுக்கா சொன்னாள்? இந்நேரம் பூப்பறித்துவிட்டுத் திரும்புகிற பொம்பளைகள் ரோட்டோரமெல்லாம் நிற்பார்களே. நிஜ ஆள் எது, மூளை வரைந்த ஆள் எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்தக் கண்ணால் பார்த்தால் அவளுக்கே தெரியாதே! கோமதித் தாயே, ஒருத்தரும் குறுக்கே வந்துவிடக் கூடாது என்று தெருமுனைக்கு ஓடினாள்.

குட்டியானை ஆடி அசைந்து வந்து நின்றது. தெருவெல்லாம் பிச்சி வாசம். ராமசுப்பு மாப்பிள்ளை மாதிரிக் குதித்து இறங்கினார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வழி நெடுக நின்னா மக்கா! பிரேக்குல கால வைக்கவே இல்லியே. நேரா விட்டேன். ஒவ்வொருக்கவும் புகையாட்டம் கலைஞ்சி போயிட்டா."

"நல்லவேளப்பா" என்றாள் நிர்மலா. போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனா ரோடு பிரியுற வெலக்குல நின்னவ மட்டும் கத்துனாட்டி." பச்சைப்பிள்ளை போல மகள் முகத்தைத் தேடினார். "மூளை சத்தமுமா போடும்?"