கடைசி அலசல் தண்ணீர்

நேசம்மாவின் கிணற்றில் தொங்கிய அந்தப் பெட்டியை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. சோற்றுப் பெட்டி அளவுதான். மேலே சின்னதாய் ஒரு சோலர் தகடு, கீழே தண்ணீருக்குள் இறங்கிய ஒரு கம்பி. தண்ணீர் நல்லதென்றால் பச்சை விளக்கு எரியும். சாயமோ சாய மருந்தோ கலந்தால் சிவப்பு. பொருத்திய நான்காம் நாள் சிவப்பு எரிந்தது. தெருவே வேலிக்கு இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

இந்தப் பக்கம் இருப்பது என்னுடைய சாயப்பட்டறை. மருதமுனையில் தறி ஓட வேண்டுமென்றால் நூலுக்கு யாராவது சாயம் போட வேண்டும். எங்கள் தெருவில் அது நான், கைருன்னிஸா. என் நூலை நம்பி ஆறு வீடுகளில் தறி ஓடுகிறது. பட்டறையை மூடச் சொல்லி யாரோ பிரதேச சபையில் முறைப்பாடும் கொடுத்துவிட்டார்கள்.

எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? சாயத் தண்ணீரை மணலில் விட்ட காலம் எங்களுக்கும் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் போன வருடம் ஜெனூபா வந்தாள். என் மதினியின் மகள், பொறியியல் படித்தவள். சிரட்டைக்கரி, தென்னந்தும்பு, மணல் என்று மூன்று பரல்களில், பெரிய பீப்பாய்களில், அடுக்கி ஒரு வடிகட்டி செய்து தந்தாள். கறுப்பாகப் போகிற தண்ணீர் மறுபக்கம் நிறமே இல்லாமல் வரும். அந்தக் கிணற்றுப் பெட்டியும் அவள் செய்ததுதான். ஒருத்தியே என்னைக் காப்பாற்றவும் ஒன்று செய்து, மாட்டிவிடவும் ஒன்று செய்தாளா என்று அவள் மேலும் எரிச்சல் வந்தது.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் வேலியோரம் போய், தெருவுக்கும் கேட்கட்டும் என்றே கத்தினேன்.

"வல்லாஹி! என்ட பட்டறையிலிருந்து ஒரு சொட்டும் உங்கட கிணத்துக்கு வாறல்ல நேசம்மா. அந்தப் பொட்டிக்கித்தான் கண் தெரியாத வருத்தம்!"

முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த நேசம்மா நிமிர்ந்து பார்த்தாள். "நான் ஒண்டும் சொல்லல்லயே ராத்தா" என்றாள். அக்கா என்னாமல் எங்கள் வழக்கப்படி ராத்தா என்றே என்னைக் கூப்பிடுவாள். அவளும் நானும் இருபது வருடம் அந்த வேலிக்கு இரண்டு பக்கமும் இருக்கிறோம். வேலியோரத் தென்னை என்னுடையது, குலை சாய்ந்திருப்பது அவள் வளவுக்குள். இளநீரை அவள்தான் பறிப்பாள்; நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அடுத்த புதன்கிழமை, நூலையெல்லாம் கொடியில் போட்டு முடித்த நேரம், ஜெனூபா வந்து வடிகட்டியைச் சோதித்தாள்.

"ஒரு குறையுமில்ல மாமி. பட்டறையில பிழையில்ல எண்டு நாளைக்குக் கடிதம் எழுதித் தாறன்."

"நான் சொன்னன்தானே?"

"ஆனா இதப் பாருங்களன்." போனில் கிணற்றுப் பெட்டியின் கணக்கு ஒரு கோடாக ஏறி இறங்கிக் கிடந்தது. "திங்களும் வியாழனும் விடியக்குள்ள ஏறுது. நீங்க சாயம் போடுறது ஞாயிறும் புதனும். பரலால வாறது சுத்தம். அப்ப எங்க இருந்து வருதெண்டுதான் விளங்கல்ல. நேசம்மாக்காட வளவுக்குள்ளதான் என்னமோ இரிக்கும்."

அவள் போனதும் நிம்மதியாக அஸர் தொழுதேன். பிறகு வழக்கம் போல மூன்றாம் அலசல் தண்ணீரை வாளியில் மொண்டுகொண்டு தென்னையடிக்குப் போனேன்.

அங்கேதான் கால் நின்றது.

சாயம் போட்ட நூலை மூன்று தடவை அலசுவோம். முதல் இரண்டு தண்ணீரும் பரலுக்குள் போகும். மூன்றாவது பார்வைக்கு வெறும் தண்ணீர். அதைப் போட்டுக் கரியைக் கெடுப்பானேன், தண்ணீரை வீணாக்குவதும் பாவம் என்று, என் உம்மா செய்தது போலவே தென்னைக்கு ஊற்றிவிடுவேன். பத்து வாளி. அங்கிருந்து நேசம்மாவின் கிணறு ஆறு எட்டு வைக்கிற தூரம். இடையில் வெறும் கடற்கரை மணல். சாயம் பிடிக்க நாங்கள் போடுகிற மருந்து மூன்றாம் தண்ணீரிலும் இருக்கும்; கண்ணுக்குத்தான் தெரியாது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் கடிதம் வரும், ஆறு தறியும் ஓடும். அப்படியும் நினைத்தேன். ஆனால் தெருக் கேட்க வல்லாஹி என்று ஆணையிட்ட வாய் என்னுடையது. வாளியை வைத்துவிட்டு வேலியைச் சுற்றிப் போனேன்.

"வாங்க ராத்தா, இரிங்க" என்று நேசம்மா இரண்டு கோப்பையில் பிளேன்டீ கொண்டுவந்தாள். நான் கிணற்றடியைப் பார்த்தேன். பெட்டியின் விளக்கைச் சுற்றி ஒரு துணி கட்டியிருந்தது. வாளி ஈரமாகக் கிடந்தது.

"இதென்ன, லைட்ட மூடி வெச்சிரிக்கீங்க?"

"சிவப்பு கண்ணுக்குள்ள குத்துது ராத்தா. குடிக்காதீங்க எண்டு அந்தப் புள்ள சொல்லித்தான் போனது. ரெண்டு நாள் குழாய்த் தண்ணி எடுத்தம். பிறகு நீங்க அல்லாட பேரால சொன்னீங்க. அதுக்கு மேல பொட்டி என்னத்தச் சொல்லக் கிடக்கு? அந்த நாளையிலிருந்து இதத்தான் குடிக்கம்."

அவள் கையிலிருந்த கோப்பையைப் பறித்தேன். சூடான தேநீர் என் விரலில் கொட்டியது.

"குடிக்காதீங்க நேசம்மா. அது என்ட தண்ணிதான். நான்தான் ஊத்தினன்."

எல்லாவற்றையும் சொன்னேன். அங்கே நின்றே ஜெனூபாவுக்கும் போன் எடுத்துச் சொன்னேன். "மூணாம் தண்ணியயும் பரலுக்குள்ள விட்டாச் சரிவரும் மாமி. ஆனா கிணறு பச்சையாகும் வரைக்கும் கடிதம் எழுத ஏலா, சாயமும் போட ஏலா" என்றாள். சரி என்றேன்.

நேசம்மா கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்ட சின்ன மகளும் குடிச்சாளே" என்று தனக்குள் சொன்னாள். எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

இரண்டு கோப்பையையும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். பழக்கத்தில் கால் தென்னைப் பக்கம் போனது. பாதியில் நின்றேன். எங்கே ஊற்றுவதென்று தெரியவில்லை.

நேசம்மா கிணற்றடி வாளியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

"இதுக்குள்ள ஊத்துங்க. உங்கட பரலுக்குக் கொண்டு போங்க" என்றாள்.

இருபது வருடத்தில் முதல் தடவையாக அவள் ராத்தா என்று சொல்லாமல் என்னோடு கதைத்தாள்.