ரூபன் நாஸ்கியின் இடம்

வாரங்குரா ஊர்த் திடலில் வேலியோரம் கார் நிறுத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. கண்காட்சித் திடல் உண்டாகி நூற்றுப் பத்து வருஷம் ஆகிறது. வசந்தத்தில் ஆடு, மாடு, கேக் போட்டி. குளிர்காலம் முழுக்க, அதாவது இங்கே ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை, சனிக்கிழமைதோறும் பந்தாட்டம். ஆட்டத்தன்று மைதானத்தைச் சுற்றி வண்டிகள் வேலியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும். எந்தக் குடும்பத்துக்கு எந்த இடம் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அடுத்தவன் இடத்தில் நிறுத்திப் பாருங்கள், சாகும்வரை பேசுவார்கள். நம்ம பையன்கள் கோல் போட்டால் அத்தனை வண்டியும் ஹாரன் அடிக்கும்.

ஸ்கோர் பலகைக்குப் பக்கத்து இடம் ரூபன் நாஸ்கிக்கு. அவருடைய அப்பா குதிரை வண்டியை நிறுத்திய அதே இடம். நாற்பத்தெட்டு வருஷமாக மனைவி மெர்லோடு அங்கே உட்கார்ந்து பார்த்தார். ஹாரன் அடிப்பது மெர்லின் வேலை. பக்கத்து இருக்கையிலிருந்து எக்கி, அவர் மடியில் டீ கொட்டினாலும் கவலைப்படாமல் அடிப்பாள். இந்த வருஷம் ஏப்ரலில், சீசன் தொடங்குகிற வாரத்தில், மெர்ல் செத்துப்போனாள்.

ஆறு வாரம் ரூபன் வீட்டை விட்டு நகரவில்லை. பார்லி விதைப்பை எப்படி முடித்தார் என்று அவருக்கே தெரியாது. ஜூனில் ஒரு சனிக்கிழமை, நாலு மனுஷ முகத்தைப் பார்த்தால் தேவலை என்று கிளம்பி வந்தார். அவருடைய இடம் காலியாக இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அதற்கு இரண்டு பக்கமும்கூடக் காலி. முப்பது வருஷமாகப் பக்கத்தில் நிறுத்துகிற லைல் ஃபெக்னர் தன் வண்டியைத் தள்ளி நிறுத்தியிருந்தான். அந்தப் பக்கத்துக் குடும்பமும் அப்படியே. துக்கத்தில் இருப்பவனை நெருக்கக்கூடாதாம். மரியாதையாம். தூரத்திலிருந்து கையை மட்டும் அசைத்தார்கள்.

அந்த மரியாதை அவரைக் கொன்றுவிட்டது. வீட்டில் இருந்த அதே அமைதி, இங்கே ஊர் பார்க்க.

அடுத்த ஆட்டத்துக்கு ஒரு யோசனை செய்தார். வண்டியைக் கொஞ்சம் லைல் பக்கமாக நகர்த்தி நிறுத்தினார். லைல் என்ன செய்தான் தெரியுமா? பாவம், மனுஷனுக்கு இன்னும் இடம் வேண்டும்போல என்று நினைத்து, தன் வண்டியை எடுத்து இன்னும் ஒரு இடம் தள்ளிப் போட்டான். ரூபனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஜூலையில் பாரம்பரியக் குழு கூடியது. திடலின் பழைய சங்கதிகளை எல்லாம் பதிந்து வைக்கப் போகிறார்களாம்: தகரக் கொட்டகை, மரம் வெட்டும் போட்டி மேடை, எந்த மரத்தை யார் நட்டது, எந்தக் குடும்பம் எங்கே வண்டி நிறுத்தியது. லைல்தான் செயலாளர். முதல் பெயர்ப்பலகை நாஸ்கி குடும்பத்துக்கு என்று அறிவித்தான். வேலியில் மூன்று வண்டி அகலத்துக்கு அந்த இடத்தை ஒதுக்கி, ரூபன் பெயரையும் மெர்ல் பெயரையும் பித்தளையில் பொறித்து மாட்டுவார்கள். இனி யாரும் அங்கே நுழைய முடியாது. எல்லோரும் கைதட்டினார்கள். ரூபன் எழுந்தார். வேண்டாம், யாராவது பக்கத்தில் வந்து நில்லுங்கள், அது போதும் என்று சொல்லத்தான் எழுந்தார். வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். நெகிழ்ந்துவிட்டார் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

அடுத்த சனிக்கிழமை பக்கத்து ஊர் மின்னாரிக்காரர்களோடு ஆட்டம். ரூபன் திடலுக்குள் நுழைந்து, தன் இடத்தைத் தாண்டி, மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனார். அது வெளியூர்க்காரர்கள் நிறுத்துகிற முனை. அங்கே அவரை யாருக்கும் தெரியாது. வண்டியை நிறுத்தி மூச்சு விடுவதற்குள் ஒரு பெண் கண்ணாடியைத் தட்டினாள்.

"பெரியவரே, இன்னும் ஒரு சாண் ஒதுங்கிக்குங்க. எங்க வண்டியும் நுழைஞ்சிடும்."

சந்தோஷமாக ஒதுங்கினார். அவள் வண்டி ஒரு பக்கம், இன்னொருவன் வண்டி மறு பக்கம். கதவைத் திறக்கக்கூட இடமில்லை. அவள் ஜன்னல் வழியாகவே இறைச்சி அடைத்த பலகாரத்தில் பாதியை நீட்டினாள், சாஸ் வழிய வழிய. எங்க ஊர் பேக்கரியில் இதைவிட நல்லாயிருக்கும் என்று வீம்புக்குச் சொன்னாள். அவள் புருஷன் நடுவரைத் திட்டினான். ரூபனும் சேர்ந்து திட்டினார். மூன்று மாதத்தில் அவர் இவ்வளவு பேசியதே இல்லை.

அப்போது மின்னாரி கோல் போட்டது. சுற்றி இருந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. ரூபனின் கை தானாகவே போய் அழுத்திவிட்டது.

அவருடைய பழைய ஹோல்டன் காரின் ஹாரன் காளை கத்துகிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தம் தெரியாதவன் வாரங்குராவில் கிடையாது. எதிரி கோலுக்கு நாஸ்கி ஹாரன்! ஊர்ப் பக்கம் வாயடைத்துப் போனது.

இடைவேளையில் லைல் பாதி மைதானம் சுற்றி நடந்து வந்தான். முகம் சிவந்திருந்தது.

"உனக்குப் புத்தி கித்தி பெசகிப்போச்சா, ரூபன்? உங்கப்பா இருந்தா செருப்பால அடிச்சிருப்பாரு. உன் இடம் அங்க காலியா கெடக்கு."

"அதான், லைல். காலியா கெடக்கு."

லைலுக்குப் புரியவில்லை. "உனக்கு எடம் வேணும்னுதானே நாங்க எல்லாரும் தள்ளி நின்னோம்?"

"எடம் எங்க வீட்ல நெறைய இருக்குப்பா. நாலு ரூம். ராத்திரி பகல்னு ஒருத்தரும் இல்ல."

பக்கத்து வண்டிப் பெண் தலையைத் திருப்பிக்கொண்டாள். லைல் தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டான். "பலகை அடிச்சாச்சே," என்றான். சொன்ன பிறகு அவனுக்கே அசிங்கமாகப் போனது.

 பிறகு ரூபன் வண்டியின் மறுபக்கமாகச் சுற்றி வந்து, கதவை முடிந்த மட்டும் திறந்து, தொந்தியை எக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து உட்கார்ந்தான். ஆட்டம் மறுபடி தொடங்க சைரன் ஊதியது. இரண்டு பேரும் ஆட்டத்தைப் பார்த்தார்கள்.

மெர்லின் இருக்கையில் இன்னொருவர் உட்கார்ந்தது ரூபனுக்குப் பிடிக்கவேயில்லை. இறங்கு என்று மட்டும் அவர் சொல்லவில்லை.