பூரண சுகத்துக்கு ஒரு ஸ்தோத்திரம்

விரல்கள் மடங்குகின்றன, ஈரச் சேலையை முறுக்கிப் பிழிகிறாள் பியூலா, தண்ணீர் சொட்டுகிறது, மகள் ஷைனியின் தலையில் பின்னல் சரசரவென்று இறங்குகிறது, அவ்வளவுதான், பாளையங்கோட்டைக்கு விடிந்துவிடுகிறது, விரல்கள் விறகாகக் கிடக்கின்றன. முடக்குவாதம் என்கிறார் டாக்டர், சரவாங்கி என்கிறாள் அம்மா, பெயர் எதுவானால் என்ன, காலையில் வெகுநேரம் கை அவளுடையதில்லை, கனவில் மட்டும்தான் ஆண்டவர் சுகம் தருகிறார், கண் விழித்ததும் அதையும் திரும்ப வாங்கிக்கொள்கிறார், கொடுத்ததைப் பிடுங்குகிற பழக்கம் அவருக்கும் உண்டு போல என்று நினைப்பாள், நினைத்த கையோடு மன்னிப்பும் கேட்டுக்கொள்வாள்.

ஆனால் அவள் சுகமானவள், சபைக்கே தெரியும், அந்த ஞாயிறு இன்னும் முடிந்தபாடில்லை, கண்ணை மூடினால் வந்துவிடுகிறது, போதகர் காணிக்கை உறைகளை வாசிக்கிறார், பிறந்தநாள், கல்யாண நாள், பிறகு, சகோதரி பியூலா பூரண சுகம் பெற்றதற்காகக் குடும்பத்தார் படைக்கும் ஸ்தோத்திர காணிக்கை, அவள் திடுக்கிட்டு ஆண்கள் பக்கம் திரும்புகிறாள், அவள் புருஷன் செல்வின் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான். கிடைத்தபின் யாரும் நன்றி சொல்வார்கள், கிடைக்கும் முன்பே சொல்வதுதான் விசுவாசம் என்று ஏதோ உபவாசக் கூட்டத்தில் கேட்டிருக்கிறான், மனுஷன் அதை அப்படியே நம்பி எழுதிப் போட்டுவிட்டான். ஆராதனை முடிந்து பெண்கள் சூழ்ந்துகொள்கிறார்கள், தோத்திரம் பியூலா, தோத்திரம்மா, ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள், சந்தோஷத்தில் பிடிக்கிற பிடி லேசாகவா இருக்கும், கணுவுக்குக் கணு ஆணி இறங்குகிறது, அவள் சிரிக்கிறாள், இல்லக்கா, இன்னும் சரியாவல, அந்த ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது, சொன்னால் அத்தனை பேர் முன்னால் புருஷன் பொய்யராகிவிடுவாரே என்று விழுங்குகிறாள்.

அன்றோடு அந்த வீட்டில் வலிக்கு இடமில்லாமல் போயிற்று. சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் செல்வின், என் மனைவிக்குப் பூரண சுகம் தந்தீரே ஸ்தோத்திரம் என்பான், ஷைனி ஆமென் என்பாள், பியூலாவும் ஆமென் என்பாள், பிறகு அடுக்களையில் முதுகைக் காட்டி நின்று களவாணி போல மாத்திரையை விழுங்குவாள். சபையார் கூடிச் சாப்பிடும் அசன விருந்துக்குக் கத்திரிக்காய் நறுக்கக் கூப்பிட்டார்கள், சுகமானவள் எந்த வாயால் மாட்டேன் என்பது, போனாள், வந்து சீப்பைக்கூடப் பிடிக்க முடியாமல் கிடந்தாள்.

இதற்கு நடுவில்தான் அந்த அதிசயம் நடந்தது, பல்லைக் கடித்துத் திருகினாலும் அசையாத ஊறுகாய்ப் போத்தல் ஒருநாள் தொட்டதும் திறந்தது, மறுநாள் காப்பித்தூள் டப்பா, அப்புறம் எண்ணெய்ப் போத்தல், ஒருவேளை சுகம் வந்தேவிட்டதோ, நம்பாமல் கிடந்தவள் நான்தானோ என்று அடுப்பு முன்னாலேயே நின்று அழுதாள், கனவு எது விடியல் எது என்று தெரியாத நல்ல நாட்கள் அவை.

இன்று காலை கனவு பாதியில் அறுந்துபோகிறது, தண்ணீர் குடிக்க எழுந்து போகிறாள், அடுக்களையில் வெளிச்சம், செல்வின் ஊறுகாய்ப் போத்தலை வயிற்றோடு அணைத்துப் பிடித்து மூடியைத் திருகுகிறான், தளர்ந்ததும் மூடியபடியே இருப்பதுபோல் பதவிசாக வைக்கிறான், அடுத்த டப்பாவை எடுக்கிறான், உதடுகள் அசைந்துகொண்டே இருக்கின்றன, ஜெபம்தான். அவள் சத்தமில்லாமல் திரும்பி வந்து படுத்துக்கொண்டாள். அப்படியானால் இவருக்குத் தெரியும், தெரிந்துகொண்டேதான் சாயங்காலம் ஸ்தோத்திரம் சொல்கிறார். கோபமும் பாசமும் ஒன்றாக வந்தன, எல்லாவற்றுக்கும் மேலாக, அதிசயம் போயிற்றே என்ற துக்கம், அதை யாரிடம் போய்ச் சொல்வது.

சாயங்காலம் மூவரும் பாயில் முழங்காலிட்டார்கள், என் மனைவிக்குப் பூரண, என்று செல்வின் தொடங்கியதும், இன்னைக்கு நான் ஜெபம் பண்ணுதேன் என்றாள் பியூலா. பரலோகத் தகப்பனே என்றுதான் ஆரம்பித்தாள், அதற்குமேல் கோவில் தமிழ் வரவில்லை. கை வலிக்கி ஆண்டவரே, நேத்தும் வலிச்சு, இப்பவும் வலிக்கி. இவுக காலையிலே எந்திச்சு மூடியெல்லாம் லூசாக்கி வைக்காக, நான் பாத்துட்டேன். இவுகளை யாரும் பொய்யன்னு சொல்லிராம பாத்துக்கிடும். எனக்குச் சுகம் தரும்போது தாரும், அதுவரைக்கும் வலிக்கின்னு சொல்ல இந்த வீட்டுல இடம் தாரும்.

ஷைனி ஒரு கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள், இதற்கு ஆமென் சொல்லலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. செல்வின் குனிந்த தலையை நிமிர்த்தாமலே, ஆண்டவரே, இவளுக்கு வலிக்கி, என்றான், அதற்குமேல் அவனால் முடியவில்லை. ஷைனிதான் ஆமென் சொன்னாள்.