டார்ச் பிடிக்கிறவர்

கடலுக்கு அடியில் படம் எடுக்கிறவர்களுக்கு வேண்டிய சாமான்கள் விற்கும் கடை எங்களுடையது. கேமராவைத் தண்ணீர் தொடாமல் உள்ளே வைத்துப் பூட்டுகிற பெட்டிக்கு ஹவுசிங் என்று பெயர். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கேமராவுக்கு உள்ளதையெல்லாம் கொட்டிவிட்டு, ஹவுசிங் என்று வரும்போது மட்டும் "சுமாரா ஏதாவது இருந்தா காட்டுங்களேன்" என்பார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. "மண்குதிரைய நம்பி ஆத்துல இறங்கணும்னா இறங்குங்க, நான் என்ன சொல்றது?" என்பேன். உள்ளே ரிப்பேர் மேசையிலிருந்து என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைப்பார். கோபித்துக்கொண்டு போனவர்களில் பாதிப் பேர், கேமரா நனைந்த பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட வாய், என் அக்கா ஹவுசிங் கேட்டு வந்து நின்ற அன்று எடுபடவில்லை.

அவளுக்கு நரம்பில் நோய். பல் செட் செய்வது அவள் தொழில். மெழுகில் ஒவ்வொரு பல்லாகச் செதுக்குவாள். ஒருநாள் செதுக்கும் கத்தி கையில் நிற்கவில்லை. பிறகு தேநீர்க் கோப்பை நிற்கவில்லை. டாக்டர்கள் சுற்றி வளைத்துப் பேசிப் பார்த்துவிட்டு, இது ஏறிக்கொண்டேதான் போகும், கை, கால், கடைசியில் மூச்சு என்று சொல்லிவிட்டார்கள். கடலில் இறங்குகிற பேச்சே கூடாது என்றும் சொன்னார்கள். இத்தனையும் தெரிந்துதான் அவள் என் கடைப் படி ஏறி வந்தாள்.

"புது கேமரா வாங்கியிருக்கேன்டி, கடுகு. அதுக்கு ஒரு ஹவுசிங் பாக்கணும்."

நான் குள்ளம், கோபக்காரி. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று சின்ன வயதில் அவள் வைத்த பெயர் அது.

"உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றேன்.

"இதென்ன, வியாபாரம் பண்ற வாயா? உன் வீட்டுக்காரரக் கூப்பிடு. அவர்கிட்டயே வாங்கிக்கிறேன்."

பின்னால் அவள் கைப்பையைச் சுமந்துகொண்டு அத்தான் நின்றார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டிடமெல்லாம் அவருக்கு வயிற்றுப் பக்கம்தான் பழக்கம். அக்காவோடு கடலில் இறங்காத ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கிடையாது. ஆனால் ஒரு படம்கூட எடுத்ததில்லை. எடுப்பது அவள், டார்ச் பிடிப்பது அவர். ஓடில்லாத குட்டி நத்தைகள், கண்ணாடி மாதிரி இறால்கள், இப்படி நகத்தளவு உயிர்களைத்தான் அவள் தேடித்தேடி எடுப்பாள். பவளத்தின் முன்னால் அவள் படுத்த மாதிரி மிதந்தால், அவளுக்கு வலப்பக்கம் அவர் நிற்பார். எங்கே வெளிச்சம் விழ வேண்டும் என்று அவள் சொல்லவே வேண்டாம். அவர் கை அங்கே இருக்கும். அவர்கள் வீட்டுச் சுவரெல்லாம் அந்தப் படங்கள். யாராவது வந்து பாராட்டினால், "வெளிச்சம் அவரோடது. நான் சும்மா பட்டனை அமுக்கினேன்" என்பாள். அவர் உடனே தண்ணீர் எடுத்துவருகிறேன் என்று சமையலறைக்குள் போய்விடுவார்.

நான் அவரைத் தனியே இழுத்துப்போய், "நீங்களாவது சொல்லக் கூடாதா அத்தான்?" என்று கேட்டேன்.

"ஆசைப்படுறாம்மா. வீட்டுல வச்சிப் பாத்துக்கிட்டிருந்தாலும் சரி. வாங்கட்டும்."

அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது. சரி, வாங்கித்தான் தீருவாள் என்றால், அந்த விரல்கள் அமுக்கக்கூடிய ஒன்றாவது கொடுப்போம் என்று நான் மல்லுக்கட்டத் தொடங்கினேன். இருப்பதிலேயே இலேசான பிளாஸ்டிக் ஹவுசிங்கை எடுத்து வைத்தேன். ஷட்டர் நெம்புகோல் அவளுக்குக் கொஞ்சம் கடினமாக இருந்தது. என் வீட்டுக்காரர் உட்கார்ந்து, நீளமாக ஒரு நெம்புகோல் ராவி மாட்டிக் கொடுத்தார். ஊதினால் இறங்குகிற மாதிரி இருந்தது. அக்கா அதைத் தடவிப் பார்த்து, "என்ன ஒரு வேலை! உன்னை மாதிரி ஒருத்திய வச்சுக்கிட்டு எப்படித்தான் பொறுமையா ராவுறாரோ" என்று மெச்சினாள். பிறகு, "இது வேண்டாம். அந்த அலுமினியத்தக் காட்டு" என்றாள்.

"அதை உன்னால மேசையிலேர்ந்து எடுக்கக்கூட முடியாது."

"தண்ணிக்குள்ள போனா எடை ஏது? கைப்பிடிக்கு மேல மிதவை மாட்டிக்கலாம்னு ஊருக்கெல்லாம் நீதானே சொல்லுவ?"

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. அடுத்தது முன்கண்ணாடி. நகத்தளவு உயிர்களை எடுக்கிறவளுக்குத் தட்டைக் கண்ணாடிதான் தோது. அவளோ பாதிப் பந்து மாதிரி உப்பிய கண்ணாடியைக் கேட்டாள். அது பெரிய காட்சிகளுக்கானது, பாறை, மீன்கூட்டம், ஆமை எல்லாம் ஒன்றாக விழும்.

"நீ எப்பக்கா ஆமை எடுத்த?"

"இதுல யார் எடுத்தாலும் ஏதாவது ஒண்ணு விழும்டி. சின்னதெல்லாம் பழகினவங்களுக்குத்தான்." அப்போதும் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

புது ஹவுசிங்கை முதல் தடவை கேமரா இல்லாமல்தான் தண்ணீரில் இறக்க வேண்டும். உள்ளே டிஷ்யூ காகிதம் வைத்துப் பூட்டி, கடையின் பின்னால் உள்ள தொட்டியில் அமுக்கிப் பிடித்து, எடுத்துத் திறந்து பார்க்க வேண்டும். காகிதம் காய்ந்திருந்தால் கேமராவை நம்பி வைக்கலாம். பூட்டுவதற்கு முன்னால் விளிம்பில் ஓடும் ரப்பர் வளையத்தைத் துடைத்து, சுண்டுவிரல் நுனி கிரீஸ் தடவ வேண்டும். அதில் ஒரு தலைமுடி கிடந்தால் போதும், கடலுக்கு அதுவே வாசல்.

"அவர் செய்யட்டும். என் விரல் நடுங்குது" என்றாள் அக்கா. அத்தான் செய்தார். லிஃப்ட் கம்பியைத் தடவிப் பார்க்கிற விரல் அல்லவா, வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, மூன்றாவது சுற்றில் கண்ணுக்கே தெரியாத ஒரு தூசியை எடுத்துக் காட்டினார். அக்கா கைதட்டப் பார்த்தாள், கைகள் சரியாகச் சேரவில்லை. சிரித்துச் சமாளித்தாள்.

அடுத்து, கைப்பிடியைக் கைக்கு ஏற்ற மாதிரி திருகி வைக்க வேண்டும். "அவர் கைய வச்சு அளவு பாரு. என் கை இன்னைக்கு மரத்துக் கிடக்கு. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதானே."

அவர் கை முறம். அவளுடையது வாழைப்பூ இதழ். எனக்கு வந்த ஆத்திரத்தில் திருகாணியை அவர் கைக்கே வைத்து முறுக்கினேன். எப்படியோ போகட்டும், இவளா பிடிக்கப்போகிறாள் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

அப்போதுதான் அவள் கடைசியாக ஒன்றைக் கேட்டாள். உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிற வியூஃபைண்டர் ஒன்று இருக்கிறது. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போடுகிற வயசாளிகள், கண்ணாடி இல்லாமலே பார்ப்பதற்காக மாட்டிக்கொள்வது. அதையும் மாட்டச் சொன்னாள்.

அவள் கண் கழுகுக்கண். சட்டைப்பையில் எப்போதும் படிக்கிற கண்ணாடி வைத்திருப்பது அத்தான்.

திருப்புளி என் கையில் நின்றுவிட்டது. காகிதத்தோடு பூட்டிய ஹவுசிங்கைத் தொட்டியில் அமுக்கி வைத்துவிட்டு, அத்தானை வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு வரச்சொல்லி அனுப்பினேன். வண்டி நிழலில்தான் நின்றது. ஆனாலும் போனார்.

"யாருக்குக்கா இது?"

அவள் தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவு நேரமா உனக்குக் கண்டுபிடிக்க? நீயெல்லாம் என்னடி கடை நடத்துற."

"அத்தானுக்கா?"

"நான் போயிட்டா அவர் கடல் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டார். எனக்குத் தெரியாதா அவரை? பகல்ல லிஃப்ட் குழிக்குள்ள. சாயங்காலமானா அந்த நாற்காலி. சுவத்துல என் படத்தயெல்லாம் பாத்துக்கிட்டே ஆள் உளுத்துப்போயிடுவார். அவருக்குப் பிள்ளையா குட்டியா? எனக்குக் கடலுக்குள்ள படம் எடுக்கிற வேலை இருந்துது, போனேன். நான் இருந்தேன், அவர் வந்தார். இனிமே அங்க அவருக்குன்னு ஒரு வேலை வேணும்டி."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகை வந்தால் நான் திட்டுவேன். "இத நேரா சொல்லித் தொலைச்சிருந்தா என் வீட்டுக்காரர் உக்காந்து நெம்புகோல் ராவியிருக்க வேண்டாமே" என்று கத்தினேன்.

"கத்தாத. அவர் வந்துருவார். நான் இருக்கிற வரைக்கும் இது எனக்குன்னே இருக்கட்டும். அப்புறம் நீ சொல்லு. கேக்கலன்னா உன் வாயால நாலு போடு. அதுக்குத்தானே உன்னை வளத்தேன்."

அவளை அப்படியே கட்டிக்கொண்டேன். தோள் எலும்பு துணிக்குள் குத்தியது. அத்தான் உள்ளே வந்து எங்களைப் பார்த்துவிட்டு, தொட்டியிலிருந்து ஹவுசிங்கை எடுத்துத் திறந்தார். காகிதம் காய்ந்தே இருந்தது.

அக்கா அந்த வருஷம் முடியுமுன் போய்விட்டாள். மூச்சுத்தான் கடைசியில் என்று டாக்டர்கள் சொன்னது அப்படியே நடந்தது.

காரியமெல்லாம் ஆன பிறகு நான் அத்தானிடம் சொன்னேன். எப்படித் தொடங்குவது என்று வாயில் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோதே அவர், "தெரியும்மா. கைப்பிடிய என் கைக்கு முறுக்குனியே, அப்பவே தெரியும்" என்றார். அதன் பிறகும் தெரியாதது போலவே இருந்திருக்கிறார் மனுஷன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டே இருந்துவிட்டார்கள். நல்ல ஜோடி.

"அப்ப போவீங்களா?" என்றேன். தலையாட்டினார். ஆனால் அவர் தலையாட்டலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும் காட்சிதான் எனக்கு ராவும் பகலும் கண்ணில் நின்றது. போய்ப் பார்க்கப் பயந்து, தொலைபேசியில் சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்பேன்.

ஒருநாள் படகுக்காரர் கடைக்கு வந்தார். முக்குளிக்கிறவர்களைக் கடலுக்கு ஏற்றிப்போகிறவர். வந்ததும் வராததுமாக, "உங்க அத்தான்கிட்ட கொஞ்சம் சொல்லுங்கம்மா. வாராவாரம் வர்றார், சந்தோஷம். ஆனா ஒரே இடத்துல நின்னா நின்னதுதான். ஜோடியாப் போறவனுக்குக் காத்து தீந்துபோவுது. அவரோட இறங்க ஒருத்தனும் மாட்டேங்கிறான்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. போகிறார்! வாராவாரம்! அக்கா, நீ நினைத்தது நடந்துவிட்டதடி என்று உள்ளே ஓடி என் வீட்டுக்காரரின் முதுகில் ஒன்று வைத்தேன். நின்றால் நின்றதுதான் என்றால் படம்தான் எடுக்கிறார், வேறென்ன?

அந்த வாரமே அத்தான் வந்தார், கையில் ஹவுசிங்கோடு. மேசையில் வைத்தார். வியூஃபைண்டர் கண்ணாடியில் ஒட்டிவந்த நீலத் தாள்கூட உரிக்கப்படவில்லை.

"இத யாருக்காவது குடுத்துடும்மா. எனக்குத் தொந்தரவா இருக்கு."

"என்ன அத்தான் இது? அவ சாகப்போறப்ப உக்காந்து பாத்துப்பாத்துத் தேடினது. உங்களுக்கே உங்களுக்குன்னு." நாலு போடச் சொல்லியிருந்தாளே, நானும் போட்டேன். என்னென்ன சொன்னேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "கையில இத வச்சுக்கிட்டா டார்ச்ச எப்படிப் பிடிக்கிறது?" என்றார்.

அது கேள்வியேதான். பதில் தெரிந்தால் சொல்லட்டும் என்கிற முகத்தோடு நின்றார். ஹவுசிங்கிலேயே விளக்கு மாட்டுகிற கம்பிகள் என் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தன. நான் ஹவுசிங்கை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

முக்குளிப்பு எனக்கும் பழக்கம்தான், வந்த ஞாயிற்றுக்கிழமை நானே அவரோடு இறங்கினேன். நீலத் தாளை உரித்து, அக்காவின் கேமராவை வைத்துப் பூட்டி, நான் ஹவுசிங்கை எடுத்துக்கொண்டேன். கைப்பிடி எனக்கு எட்டவில்லை, இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. நான் எடுப்பேன், அவர் டார்ச் பிடிக்கட்டும். மெல்ல மெல்ல அவர் கைக்கு மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அத்தான் அவசரமே இல்லாமல் நீந்தினார். ஒரு பவளத்தின் அடியில் நின்று, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். நகத்தளவில் ஒரு மஞ்சள் நத்தை. நான் அவருக்கு வலப்பக்கம் போய் நின்று படம் எடுத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கை அசையவில்லை. எடுத்து முடித்துப் பெட்டியை இறக்கினேன். அவர் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம் எடுப்பாள் என்று எனக்குத் தெரியும்.

பிறகு அவர் இடப்பக்கம் திரும்பி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினார். தண்ணீருக்கடியில் அதற்கு, கிடைத்துவிட்டதா, சரியா என்று அர்த்தம். அந்தப் பக்கம் யாரும் இல்லை. வெறும் தண்ணீர். அவர் காத்திருந்தார்.

என்னால் தாங்க முடியவில்லை. அவரைச் சுற்றி நீந்திப் போய், இடப்பக்கம் நின்று, சரி என்று நானும் விரலை வளைத்துக் காட்டினேன்.

அத்தான் என்னைப் பார்த்தார். கோபமில்லை. டார்ச்சை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, என் தோளைப் பிடித்து, மெதுவாக அந்த இடத்திலிருந்து நகர்த்தினார். மறுபடியும் டார்ச்சை நத்தைமேல் பிடித்தார்.

காற்று தீர்ந்து மேலே ஏறும் வரை நான் அவருக்கு வலப்பக்கமே இருந்தேன்.