அஞ்சலிக் கூட்டத்தில் சாயிரா

மும்பை மாட்டுங்கா அரங்கில் அய்யாத்துரைக்கான அஞ்சலிக் கூட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. ஓர நாற்காலியில் உட்கார்ந்திருந்த சாயிராவிடம் சங்கச் செயலாளர் சுரேந்திரன் குனிந்து ஒரு தாளை நீட்டினான்.

"அக்கா, இதுல இருக்கத மட்டும் வாசிங்க, போதும்."

அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஏழைகளின் தோழர். தாராவிக்கு நடைபாலம் தந்த வள்ளல். அவள் சொல்ல நினைத்திருந்த ஒன்றுகூட அதில் இல்லை.

"பழசை எடுக்காதீங்க. மேடையில ரயில்வே ஆபீசர் இருக்காரு. பிரிஜ்ஜுக்கு அய்யாத்துரை சார் பேரு வைக்கணும்னு இன்னைக்குத்தான் மனு கொடுக்கோம். ஒரு வார்த்தை பிசகினா எல்லாம் கெட்டுப்போயிரும்."

சாயிரா தலையாட்டினாள். ஆட்டியதும் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், தண்டவாளத்தை ஒட்டியிருந்த குடிசைகளை இடிக்கக் கையெழுத்துப் போட்டவர், அப்போது ரயில்வே அதிகாரியாக இருந்த இதே அய்யாத்துரைதான். அதில் சாயிராவின் வீடும் போயிற்று. தண்டவாளத்தின் மறுபக்கத்தில் வாடகைக்கு ஒரு அறை பிடித்தார்கள். புருஷன் முகைதீனின் தோல் பட்டறை பழைய பக்கத்திலேயே இருந்தது. தினமும் தண்டவாளத்தைத் தாண்டித்தான் போனான். மூன்றாம் மாதம், மழை கொட்டிய ஒரு காலையில் விரைவு ரயில் அவனை அடித்துப் போட்டது.

"அடுத்து, தாராவியிலிருந்து சாயிரா அவர்கள்" என்று ஒலிபெருக்கி சொன்னது.

மேடைக்கு நான்கு படிகள். மைக்கின் முன்னால் நின்றதும், முன்வரிசையில் அய்யாத்துரையின் மனைவி சண்முகவடிவு தன்னையே பார்ப்பது தெரிந்தது. பின்வரிசையில் மகள் மெஹக் இருந்தாள்.

"ஏழைகளின் தோழர்…" என்று தொடங்கினாள். தாளை மேசையில் வைத்தாள்.

"சாரு எங்க வீட்டை இடிச்சாவ."

ரயில்வே அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். சுரேந்திரன் மேடையேறி மைக்கைப் பிடித்தான். "அக்கா உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. மன்னிக்கணும்…"

"அவங்க பேசட்டும்."

சண்முகவடிவு எழுந்து நின்றிருந்தார். குரல் உயரவில்லை. சுரேந்திரன் கையை எடுத்தான்.

சாயிரா தொடர்ந்தாள்.

"வீடு போனதாலதான் எம் மாப்பிள்ள தண்டவாளம் தாண்டுனாவ. அவ்வொ மவுத்தானபொறவு, ரெண்டு வயசுப் புள்ளயத் தூக்கிக்கிட்டு சாரு ஆபீஸ் வாசல்ல நாலு நாள் கெடந்தேன். அஞ்சாம் நாள் உள்ள கூப்பிட்டாவ. 'நீங்க இடிக்கலைன்னா அவ்வொ உசுரோட இருப்பாவ'ன்னு மூஞ்சிக்கு நேரே சொன்னேன். மறுநா காலையில பியூன் கூட இல்லாம தனியா வந்தாவ. ஜனம் பட்டறைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தாண்டுத எடத்துல, மத்தியானம் வரைக்கும் மழையில நின்னாவ. ஒரு பொம்பளப்புள்ள வழுக்கி விழுந்துச்சு. சாருதான் ஓடிப்போய் இழுத்தாவ. அத நான் கண்ணால பாத்தேன்."

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"அங்க பிரிஜ் வேணும்னு சாரு எழுதுன ஃபைலை மேல உள்ளவங்க ரெண்டு தடவ திருப்பி அனுப்புனாங்க. சாரு விடல. அவங்களோட சண்ட போட்டாவ, வேற ஊருக்கு மாத்துனாங்க. அங்கேருந்தும் எனக்கு போன் வரும். 'தெருவுல கையெழுத்து வாங்கி அனுப்பு'ம்பாவ. வாங்கி அனுப்புனேன். அஞ்சு வருஷம். பிரிஜ் வந்தபொறவு நாங்க இருக்க பக்கத்துல ஒருத்தரும் ரயில்ல அடிபடல. பேரு வைக்கணும்னா வைங்க. அந்தப் பேருக்கு தகுதி இருக்கு. ஆனா வள்ளல்னு சொல்லாதீங்க. தப்பு பண்ணுனாவ, தெரிஞ்சதும் ஓடி ஒளியல. அம்புட்டுதான்."

யாரும் கைதட்டவில்லை. அவள் இறங்கி வந்தாள். சுரேந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கூட்டம் முடிந்ததும் ரயில்வே அதிகாரி மனுவை வாங்கினார். "அந்த அம்மாவோட கையெழுத்து இதுல இருக்கா?" என்று கேட்டார். இல்லை. சுரேந்திரனே பேனாவைக் கொண்டுவந்து கொடுத்தான். சாயிரா போட்டாள்.

வாசலில் சண்முகவடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இடிக்கச் சொன்னது இவருதான்னு எனக்குத் தெரியாது. எங்கிட்ட சொன்னதே இல்ல."

"உங்களக் கஷ்டப்படுத்தணும்னு சொல்லலம்மா."

"அவரை மன்னிச்சிட்டீங்களா?"

பொய் சொல்லலாம், எளிதுதான். மெஹக் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இல்லம்மா. ஆனா அவிய கூப்பிட்டப்பல்லாம் போனேன். அவிய மவுத்துச் செய்தி வந்த அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல."

சண்முகவடிவு கண்ணைத் துடைக்கவில்லை. பிடித்த கையையும் விடவில்லை.

"அப்ப வீட்டுக்கு வாங்க. உங்க வீட்டுக்காரரப் பத்தி எனக்குச் சொல்லணும் நீங்க."

"வாரேம்மா" என்றாள் சாயிரா.